ஓட்டை விழுந்த குழாயை எடைக்குப் போடாதீர்கள்

நம் வட்டாரத்து அரிசி ஆலை முதலாளிமார்களுக்கு,

வணக்கம். புதுவயலிலும் காரைக்குடியைச் சுற்றியும் ஆலை நடத்தும் உங்களில் பலருக்கு என் கையெழுத்து தெரியாது, கைவேலை தெரியும். இருபத்து மூன்று ஆண்டுகளாக உங்கள் ஊறல் தொட்டிக்கும் பாய்லர் அறைக்கும் நடுவே எவர்சில்வர் குழாய் இழுத்து, வளைத்து, பற்றவைத்துக் கொடுக்கும் ஃபிட்டர்களில் நானும் ஒருவன்.

மார்கழிக் கடைசியில் ஓர் ஆலையில் சுடுதண்ணீர்க் குழாய் வெடித்தது உங்கள் எல்லோர் காதுக்கும் வந்திருக்கும். யாருடைய ஆலை என்று எழுத வேண்டிய அவசியம் இல்லை. அதற்கு மறுநாள் காலையில் நடந்ததைப் பற்றித்தான் இந்த மடல்.

காலை ஆறரை மணிக்கு நான் போய்ச் சேர்ந்தேன். ராத்திரி வெடித்த வளைவைப் பார்க்க வேண்டும், எந்தப் பக்கம் பிளந்தது, பற்றுக்கு, அதாவது பற்றவைத்த இடத்துக்கு, எவ்வளவு தள்ளிப் பிளந்தது என்று பார்க்க வேண்டும் என்றுதான் டார்ச் லைட்டும் பூதக்கண்ணாடியும் எடுத்துப் போயிருந்தேன். அதற்குள் பழைய இரும்பு வியாபாரியின் மினி லாரி வந்து, குழாய் தராசில் ஏறி இறங்கிவிட்டது. புதுக் குழாய் ஒன்று மாட்டத் தயாராகச் சுவரில் சாய்ந்திருந்தது. அதே கடை, அதே சரக்கு. என்ன காரணமாம் என்று கேட்டேன். "வெல்டிங் சரியில்லை, வேறென்ன" என்றார் மேற்பார்வையாளர். பதினோரு வருடமாக அங்கே பற்றவைக்கும் மனிதரின் அந்த வாரக் கூலியில் பிடித்தம். விசாரணை அவ்வளவுதான்.

ஐயா, நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஓட்டை விழுந்த குழாயை, வெடித்த குழாயை, அன்றைக்கே எடைக்குப் போடாதீர்கள். நீளவாக்கில் வெட்டி உள்ளே பார்க்க விடுங்கள்.

அந்த வளைவுக்கு அடியில் நின்றிருந்த பையனைப் பற்றி ஒரு வார்த்தை. வயது இருபத்திரண்டு. நெல் ஊறுவதற்கு விடும் தண்ணீர் எழுபது டிகிரிச் சூடு என்பது உங்களுக்குத் தெரியும். அந்தச் சூட்டில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஊறினால்தான் புழுங்கல் பதமாக வரும். அந்தத் தண்ணீர் இடது முழங்காலுக்குக் கீழே முழுவதும் இறங்கியது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பதாக வேண்டிக்கொண்டு மாலை போட்டிருந்தான். காவடிகள் குன்றக்குடியிலிருந்து புறப்பட்ட நாளில் அவன் வீட்டுத் திண்ணையில் காலை ஒரு முக்காலி மேல் நீட்டி உட்கார்ந்திருந்தான். காலில் ஈ உட்காராமல் அவன் அம்மா பனைவிசிறியால் வீசிக்கொண்டிருந்தார். மருத்துவச் செலவை ஆலை கொடுத்தது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் "ஏன் அண்ணே வெடிச்சது?" என்று அவன் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. பதில் மினி லாரியில் போய்விட்டது.

குழாய் தன் சாவுக்கான காரணத்தைத் தன் உடம்பிலேயே எழுதி வைத்திருக்கும். சென்ற வருடம் வேறோர் ஆலையில் கழற்றிய இரண்டு துண்டுகளை என் சாப்பாட்டுப் பையில் போட்டு எடுத்து வந்தேன். கேட்காமல்தான் எடுத்தேன். இரண்டும் சேர்ந்து முக்கால் கிலோ இருக்கும். பழைய எவர்சில்வர் விலையைப் போட்டு என் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

முதல் துண்டில் வெளியே ஊசிக்காது அளவுக்கு ஓர் ஓட்டை. வாளால் அறுத்துப் பிளந்தேன். கத்தரிக்காயில் சொத்தை பார்த்திருப்பீர்கள்: தோலில் ஒரு புள்ளி, உள்ளே புழு குடைந்த குகை. அதே மாதிரிதான், மேலே சின்ன வாய், உள்ளே அகன்ற குழி. அது மட்டுமில்லை, குழிகள் எல்லாம் குழாயின் அடிப்புறத்தில் ஒரே கோடாக இருந்தன. மேல்பாதி கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. ஏன் அடியில் மட்டும்? அந்த லைன் புதிதாகப் போட்டபோது போர் தண்ணீர் அடித்துப் பிரஷர் சோதித்துவிட்டு, வடிக்காமல் இரண்டு மாதம் அப்படியே மூடி வைத்திருந்தார்கள். தேங்கிய தண்ணீரில் பாசி மாதிரி கிருமிகள் படியும். அந்தப் படிவத்துக்கு அடியிலும் உப்பு சேர்ந்த இடத்திலும் அரிப்பு தொடங்கிவிடும். குழாய் ஒரு நாள் ஓடுவதற்கு முன்பே செத்துக்கொண்டிருந்தது. இதைத் தடுக்க ஆகும் செலவு: வடிகால் வால்வைத் திறந்துவிட ஓர் ஆள், உலர்த்தக் கொஞ்சம் காற்று.

இரண்டாவது துண்டு வளைவு. அதில் குழியே இல்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தால் இலையுதிர்ந்த மரக்கிளை மாதிரி விரிசல், கிளைக்குள் கிளை. மூன்று சங்கதிகள் கூடினால் இது வரும்: தண்ணீரில் குளோரைடு என்ற உப்புச் சத்து, சுமார் அறுபது டிகிரிக்கு மேல் சூடு, உலோகத்துக்குள் அடங்கிக் கிடக்கும் இழுவிசை. வளைத்த இடத்திலும் பற்றவைத்த இடத்திலும் அந்த இழுவிசை இருந்தே தீரும். உங்கள் ஊறல் லைனில் மூன்றும் தினமும் கூடுகின்றன. எவர்சில்வரில் 304 என்னும் ரகத்தில் இது நன்றாகவே வரும். 316 கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், ஆனால் தப்பாது. இதற்கு வெல்டரின் கூலியைப் பிடித்தால் விரிசல் நின்றுவிடுமா?

ஒரே ஆலை, ஒரே அளவுக் குழாய், இரண்டு வேறு சாவுகள். வெட்டிப் பார்க்காமல் இரண்டுக்கும் ஒரே மருந்து போட்டிருப்பீர்கள். போட்டீர்கள்.

எவர்சில்வர் துருப்பிடிக்காது என்ற நம்பிக்கை நம் ஊரில் ஆழமானது. பெரிய வீடுகளில் ஆச்சிமார் பெண்ணுக்குக் கொடுத்த எவர்சில்வர் சாமான்கள் நாற்பது வருடமாக இரண்டாம் கட்டில் மின்னிக்கொண்டிருக்கின்றன. அதே உலோகத்துக்கு ஆலையில் மட்டும் ஏன் ஆயுள் இல்லை என்று ஒரு முதலாளி என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. அந்தப் பாத்திரத்தைத் துலக்கி, துடைத்து, கவிழ்த்து வைக்கிறார்கள். அது மட்டுமா? அதே ஆச்சி ஆவக்காயை எவர்சில்வர் தூக்கில் போடுவதில்லை. பீங்கான் ஜாடியில்தான் போடுகிறார். உப்பும் புளிப்பும் நாள்கணக்கில் ஊறினால் எவர்சில்வர் தாங்காது என்பது சமையல்கட்டுக்குத் தெரிந்திருக்கிறது. ஆலையின் கொள்முதல் மேசைக்குத்தான் இன்னும் போய்ச் சேரவில்லை.

அதாவது அந்த உலோகத்துக்குப் பாதுகாப்பு மேலே படிந்திருக்கும் குரோமிய ஆக்சைடுப் படலம்தான். கண்ணுக்குத் தெரியாத மெல்லிசு. கீறினால் காற்று பட்டுத் தானே வளர்ந்துகொள்ளும். குளோரைடு மட்டும் அதை ஒரு புள்ளியில் துளைத்துவிட்டால் மறுபடி மூட விடாது. உங்கள் போர் தண்ணீரில் எவ்வளவு குளோரைடு இருக்கிறது? நான் கேட்ட ஐந்து ஆலைகளில் நான்கில் யாருக்கும் தெரியவில்லை. அரிசியில் ஈரப்பதம் எத்தனை சதவீதம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள்.

கடைக்காரரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காந்தத்தை எடுத்துக் குழாயில் வைத்து, "ஒட்டவில்லை பாருங்கள், அசல் 304" என்பார். ஐயா, 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசை ஏற்றிச் செய்வது அது. 304-இல் எட்டு சதவீதத்துக்குக் குறையாத நிக்கல் இருக்க வேண்டிய இடத்தில் இதில் நான்கு முதல் ஆறுதான். அதே சமயம் அசல் 304-ஐக் குளிர்ந்த நிலையில் வளைத்தால் வளைவில் காந்தம் லேசாக இழுக்கும். ஆகக் காந்தம் சொல்லும் சாட்சி இரண்டு பக்கமும் பொய். 316 என்று விற்றால் அதில் இரண்டிலிருந்து மூன்று சதவீதம் மாலிப்டினம் இருக்க வேண்டும். ஒரு சொட்டு மருந்தும் சின்ன பேட்டரியும் வைத்து அதை நிமிடத்தில் பார்த்துவிடலாம். எந்த உருக்குத் தொகுதியில் வார்த்தது என்ற எண்ணுடன் தொழிற்சாலைச் சான்றிதழ் கேளுங்கள். குழாயின் மேல் அச்சடித்திருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். பெண் பார்க்கப் போனால் ஜாதகம் கேட்காமல் வருகிறோமா?

எங்கள் பக்கக் குற்றத்தையும் ஒத்துக்கொள்கிறேன். சாதாரண இரும்பு அறுத்த அதே கல்லால் எவர்சில்வரைத் தேய்ப்பவர்கள் எங்களில் உண்டு. இரும்புத்தூள் பதிந்து அங்கே துரு பிடிக்கும். உள்ளே ஆர்கான் வாயு விடாமல் பற்றவைத்தால் பற்றின் ஓரம் நீலமும் மஞ்சளுமாக நிறம் மாறும். அழகாக இருக்கிறது என்று விட்டுவிடுகிறோம். அந்த நிறத்துக்கு அடியில் குரோமியம் குறைந்து போயிருக்கும். அமிலப் பசை தடவி எடுத்துக் கழுவ வேண்டும். கார்பன் அதிகமுள்ள ரகமானால் இன்னொரு வினை, பற்றுக்குப் பக்கத்தில் 450-லிருந்து 850 டிகிரிக்குள் சூடு நிற்கும் இடத்தில் கார்பன் குரோமியத்தைப் பிடித்துக்கொள்ளும். 0.03 சதவீதத்துக்கு மேல் கார்பன் இல்லாத எல் ரகம் வாங்கினால் இந்தத் தொல்லை போகும். ஆனால் "நாளைக்கு நெல் இறங்குகிறது, ராத்திரிக்குள் முடி" என்று நீங்கள் சொல்லும்போது ஆர்கான் சிலிண்டர் எங்கே, பசை எங்கே? பம்ப் பக்கத்தில் கிளாம்ப் கூடப் போடாமல் குழாய் ஆடிக்கொண்டிருக்கும். அது ஆடி ஆடியே ஒரு நாள் கழுத்தில் ஒடியும்.

கோபம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. அரிப்பைப் பற்றிப் படிக்க நாடெங்குமிருந்து காரைக்குடிக்கு வருகிறார்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரி நம் வாசலில் இருக்கிறது. ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரில் கடற்காற்று படும் இடத்தில் உலோகத் தகடுகளை வெயிலிலும் உப்பிலும் காயவைத்து, எது எத்தனை நாள் தாங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் அவர்கள். வெடித்த குழாய்த் துண்டு ஒன்றையாவது இதுவரை அந்த வாசலுக்கு எடுத்துப்போனோமா? தண்ணீரையாவது ஒரு பாட்டிலில் பிடித்துச் சோதிக்கக் கொடுத்தோமா? அலுவலக வாசலுக்கு ஆத்தங்குடித் தளக்கல் எந்தப் பூ வைத்துப் போடுவது என்று மூன்று வாரம் யோசிக்கும் நம்மால், சுடுதண்ணீர்க் குழாய்க்கு மூன்று நிமிடம் ஒதுக்க முடியவில்லை. தளக்கல் யார் காலையும் வேகவைத்ததில்லை.

வார்த்தை கொஞ்சம் நீண்டுவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எங்களுக்குச் சோறு போடுகிறவர்கள். அதை மறந்து எழுதவில்லை.

உங்களிடம் எல்லாக் குழாயையும் நாளைக்கே மாற்றச் சொல்லவில்லை. இருபத்திரண்டு சதவீதக் குரோமியம் உள்ள டூப்ளெக்ஸ் ரகம் இந்த விரிசலை நன்றாகத் தாங்கும், ஆனால் விலை தெரியும். எங்கே அது தேவை, எங்கே சும்மா வடித்து உலர்த்தினாலே போதும் என்று தெரிந்தால்தானே பணத்தைச் சரியான இடத்தில் போட முடியும்? அதைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சியைத்தான் கிலோக் கணக்கில் விற்றுக்கொண்டிருக்கிறோம்.

ஆகையால் மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். பழுதான குழாயை எடைக்குப் போடாதீர்கள். ஒவ்வோர் ஆலையிலும் ஒர்க்‌ஷாப் கதவுக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டி வைக்க அனுமதி கொடுங்கள். கழற்றிய துண்டில் தேதி, எந்த லைன், பற்றா வளைவா, எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று பெயிண்டில் எழுதி அதில் போட்டுவைக்கிறோம். வெட்டுகிற வேலையை ஞாயிற்றுக்கிழமைகளில் நானே கூலி இல்லாமல் செய்து தருகிறேன். பெட்டியையும் நானே அடித்துக்கொண்டு வருகிறேன், பலகை இருக்கிறது.

கூலி பிடித்த அந்த வெல்டருக்கு, பிடித்ததைத் திருப்பிக் கொடுக்கும்படியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஆலைகளில் குழாய் வேலை செய்யும் ஒரு ஃபிட்டர்