தம்பியின் நோட்டில் உன் கையெழுத்து

உ
சிவமயம்

காரைக்குடி

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு நானும் அப்பச்சியும் நலம். அப்பச்சிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. இரண்டாங்கட்டில் ஒழுகுகிற ஓடுகளை மாற்ற ஆள் சொல்லியிருக்கிறோம். மற்றதை அப்புறம் எழுதுகிறேன், முதலில் உன் பிள்ளை, நம் தம்பியின் விஷயம்.

போன வாரம் அவன் கணக்கு நோட்டைப் படம் பிடித்து, "சரியா பாருங்க ஆயா" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். விடை எல்லாம் சரிதான். ஆனால் பாதிக்கு மேல் எழுத்து அவனுடையது இல்லை. ஏழுக்கு நடுவில் கோடு போடுகிறவள் நம் வீட்டில் நீ ஒருத்திதான். படம் வந்த நேரம் இரவு பத்தே முக்கால். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த நேரத்தில் என்ன கணக்கு? ஆபீஸிலிருந்து வந்து சமைத்துப் பாத்திரம் கழுவிய உனக்குத்தான் அந்த நேரத்தில் என்ன கணக்கு? மாப்பிள்ளை அப்போது வீட்டில் இல்லையா? வேலை இருந்திருக்கும். சரி, அது போகட்டும்.

தம்பி கெட்டிக்காரன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முன்னோர்க்குப் படைக்கிற படைப்புக்கு வந்திருந்தபோது அப்பச்சி கேட்ட வட்டிக் கணக்குக்குப் பேனாவைத் தொடாமலே விடை சொன்னானே, அதை அப்பச்சி ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் இத்தனை வருஷம் வகுப்பில் நின்றவள் என்பதால் கூடவே ஒரு கவலையும் வந்தது. ஒரு தடவை கேட்டதும் புரிந்துவிடுகிற பிள்ளைக்கு உட்கார்ந்து படிக்க வேண்டிய அவசியமே வருவதில்லை. விடை வராத கணக்கின் முன்னால் எழுந்து ஓடாமல் இருக்கச் சுமாராகப் படிக்கிற பிள்ளை மூன்றாம் வகுப்பிலேயே பழகிவிடுகிறது. கெட்டிக்காரப் பிள்ளை பழகுவதில்லை. ஒன்பதாம் வகுப்பிலோ பதினொன்றிலோ பாடம் கனக்கும்போது, தனக்கு மூளையே இல்லையோ என்று அது பயந்து போகிறது. எத்தனை பிள்ளைகளை அப்படிப் பார்த்திருக்கிறேன். கோட்டையூர் அம்மானும் அப்படித்தான், உனக்கு நான் எழுத வேண்டியதில்லை.

உன் பதினொன்றாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வும் நினைவிருக்கும். மார்க் வந்த அன்று வளவு முற்றத்தில் தூணோரமாக உட்கார்ந்தவள், சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. யார் கேட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்புறம் நீயாகவே விடியற்காலையில் எழுந்து போட்டுப் பார்த்து, அரையாண்டில் மேலே வந்தாய். யாரும் உனக்கு எழுதிக் கொடுக்கவில்லை. அந்தப் பிடிவாதம் தம்பிக்கும் இருக்கிறது. கஷ்டம் வந்தால் வாயைத் திறக்காத குணமும் வந்துவிடக் கூடாதே என்றுதான் பார்க்கிறேன்.

அங்கே அவனை ராமானுஜன் என்று கூப்பிடுகிறார்களாமே. வேண்டாம். ராமானுஜனே 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்து, கணக்கைத் தவிர வேறு பாடத்தைத் திரும்பிப் பார்க்காமல் அந்த உதவித்தொகையை இழந்தவர். பிடித்த கணக்கைக்கூட அவர் சும்மா உட்கார்ந்து கண்டுபிடிக்கவில்லை. சிலேட்டில் போட்டுப் போட்டு முழங்கையால் அழித்தவர். பிள்ளைக்குச் சொன்னால் அதைச் சொல்லுங்கள்.

நம் ஐயாவையே எடுத்துக்கொள். வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக ரங்கூனுக்குப் போனபோது மீசைகூட முளைக்கவில்லை. முந்திரி என்றால் 320-இல் ஒன்று, காணி என்றால் 80-இல் ஒன்று என்று அந்தக் காலப் பின்னங்களோடு எண்சுவடி வாய்பாடு முழுக்க மனப்பாடம், மனக்கணக்கில் அவரை மிஞ்ச ஆளில்லை. இருந்தும் அன்றைய வரவு செலவை எழுதி, பெட்டிப் பணத்தை எண்ணி, இரண்டும் ஒத்துப் போகாமல் படுத்ததில்லை. மனதில் தெரியும் என்பதற்காகப் பேரேட்டில் எழுதாமல் விட்டால் மேலாள் சும்மா விடுவாரா? தம்பி விடையை மட்டும் எழுதி வழியை எழுதாமல் விடுகிறானே, அவனிடம் இந்தக் கதையைச் சொல். ஐயா கதை என்றால் கேட்பான்.

இப்போது நான் சொல்வதைக் கோபப்படாமல் படி. வீட்டுப்பாடத்துக்கு ஒரே இடம், ஒரே நேரம் இருக்க வேண்டும். பள்ளிவிட்டு வந்து பலகாரம் சாப்பிட்டு, கொஞ்சம் விளையாடிவிட்டு ஆறு மணிக்கு உட்காரட்டும். சாப்பாட்டு மேஜையே போதும். போன் வேறு அறையில் இருக்கட்டும், உன் போனும்தான். மத்திய அரசு 2020-இல் வெளியிட்ட பள்ளிப்பைக் கொள்கையிலேயே ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வீட்டுப்பாடம் கூடாது என்று இருக்கிறது. அவனுக்கு முக்கால் மணி நேரம் தாராளம். முடியாவிட்டால் மூடி வைத்துவிடட்டும். பத்தே முக்கால் வரை இழுக்க வேண்டாம்.

நீ பக்கத்தில் உட்காராதே. அடுப்படியில் உன் வேலையைப் பார். முடிந்ததும் காட்டச் சொல்லி, விடையைவிட வழியைப் பார். தப்பாக இருந்தால், "இந்த வரியிலிருந்து இந்த வரிக்கு எப்படி வந்தாய்?" என்று கேள். அதற்குமேல் ஒன்றும் சொல்லாதே. பென்சிலை நீ எடுக்காதே. ஒரு நாள் முடிக்காமல் போய் ஆசிரியையிடம் பேச்சு வாங்கினால் வாங்கட்டும். ஏழாம் வகுப்பில் வாங்கினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. உனக்கு மனம் கேட்காது, தெரியும். ஆனாலும் பென்சிலை எடுக்காதே.

இன்னொன்று. அவன் அடம்பிடிப்பதில் பாதி சலிப்பு. ஒரே மாதிரிக் கணக்கை இருபது தடவை போடச் சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் சலிக்கும். நான் வகுப்பில் வேகமான பிள்ளைகளிடம், கடைசியில் இருக்கிற கடினமான ஐந்தை முதலில் வழியோடு போடச் சொல்வேன். அவை சரியாக இருந்தால் மற்றதை விட்டுவிடுவேன். ஆசிரியையைப் பார்த்து இதைக் கேள். சண்டை போடுகிற மாதிரி இல்லாமல் பணிவாகக் கேள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். மீதிப் பாதி, தப்பாகிவிடுமோ என்ற பயம். அடித்தல் திருத்தல் வந்தால் பக்கத்தையே கிழிக்கிறான் என்றாயே, அது அந்தப் பயம்தான்.

அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று நான் ஆசிரியப் பயிற்சிக்கு வரும் பெண்களுக்குச் சொல்வதுண்டு. 1998-இல் அமெரிக்காவில் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற இருவர் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர் கொடுத்துப் பார்த்தார்கள். நன்றாகப் போட்டதும் சிலரிடம் "நீ கெட்டிக்காரன்" என்றும் சிலரிடம் "நன்றாக உழைத்தாய்" என்றும் சொன்னார்கள். அடுத்துக் கொடுத்த கடினமான புதிரில் எல்லாரும் திணறினார்கள். மறுபடி முதலில் கொடுத்த மாதிரியே எளிதாகக் கொடுத்தபோது, கெட்டிக்காரன் என்று கேட்ட பிள்ளைகள் முன்பு வாங்கியதைவிடக் குறைவாக வாங்கினார்கள். உழைத்தாய் என்று கேட்டவர்கள் கூடுதலாக வாங்கினார்கள். எத்தனை சரி என்று மற்றவர்களுக்கு எழுதச் சொன்னால், உள்ளதைவிடக் கூட்டிச் சொன்னவர்களும் கெட்டிக்காரப் பட்டம் வாங்கியவர்களில்தான் அதிகம். அதனால் அவனிடம், "மூணு தடவை போட்டுப் பார்த்தியே, நல்லது" என்று சொல். அப்பச்சியிடமும் சொல்லிவிட்டேன், கேட்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

உன்னையும் நான் அப்படித்தான் நினைக்கிறேன். ஆபீஸ், வீடு, பிள்ளை என்று நீ உழைப்பது எனக்குத் தெரிகிறது. அதற்காக எல்லாவற்றையும் ராத்திரியில் தனியாக உட்கார்ந்து முடிக்க வேண்டும் என்று இல்லை. மாப்பிள்ளையிடம் ஒரு மணி நேரம் கேட்கலாம். கேட்க முடியாதபடி ஏதாவது இருந்தால், என்னிடம் கேள். போனில் நீ "அப்புறம் பேசுறேம்மா" என்று வைத்துவிடுகிறாய். தம்பி பேசுகிறான், நீ பேசுவதில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

மனகோலமும் சீப்புச் சீடையும் பார்சலில் வருகின்றன. தம்பிக்குப் பலகார நேரத்துக்கு ஆகும், நீயும் சாப்பிடு.

எனக்கு இந்த மாதம் இங்கே பெரிய வேலை ஒன்றும் இல்லை. ஓடு மாற்றுவதை அப்பச்சி பார்த்துக்கொள்வார். காலையில் பல்லவன் ரயிலில் ஏறினால் மதியம் உங்களோடு சாப்பிடலாம். வரட்டுமா என்று மட்டும் பதில் எழுது, காரணம் எதுவும் எழுத வேண்டாம். தம்பியின் வீட்டுப்பாடத்துக்காக வருகிறேன் என்று மாப்பிள்ளையிடம் சொல்லிக்கொள்ளலாம்.

உன் அம்மா