கதவில் இருக்கும் கரிமம்

ஆசிரியருக்கு,

மரத்தை வெட்டிய அன்றே அதிலுள்ள கரிமம் முழுவதும் காற்றில் கலந்துவிட்டதாகத்தான் பருவநிலை மாற்றத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் செய்துகொண்ட கியோட்டோ ஒப்பந்தத்தின் முதல் கட்டத்தில் கணக்கெழுதினார்கள். முப்பது ஆண்டுகளாகத் தச்சு வேலை செய்யும் என்னால் அதை ஏற்கவே முடிந்ததில்லை. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி கரிமம். என் தாத்தா இழைத்த கதவில் அது இன்னும் இருக்கிறது.

2011 டர்பன் பருவநிலை மாநாட்டில் விதி மாறியது. பொருளில் தங்கியிருக்கும் கரிமம் பாதியாகக் குறையக் காகிதத்துக்கு 2 ஆண்டு, ஒட்டுப்பலகை வகைகளுக்கு 25, அறுத்த மரத்துக்கு 35 என்று கணக்கு வைத்தார்கள். நல்ல மாற்றம். ஆனால் பழைய உத்தரத்தைப் பிரித்து மேசையாக்குகிறோமே, அந்தக் கூடுதல் ஆண்டுகள் எங்கே பதிவாகும்? சொந்த அளவீடு இருந்தால் நாடுகள் அதையே பயன்படுத்தலாம் என்று விதி இடம் தருகிறது. அளக்க வருபவர்கள் தச்சுப் பட்டறைகளுக்கும் வரட்டும்.

இப்படிக்கு,
ஒரு தச்சர்