இணையதளம் கட்ட ஆள் எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

சுங்குடி விற்பவரோ, மாட்டுத்தாவணிப் பூ வியாபாரியோ, உசிலம்பட்டிப் பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரரோ இணையதளம் வேண்டும் என்றால், பணம் கொடுத்து ஆள் பிடிக்கத்தான் வழி சொல்கிறார்கள். நாலு பக்கத் தளத்துக்கு அது தேவையில்லை. புதுநத்தம் சாலையிலுள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகம் போன்ற பொது இடங்களில் ஆறு வாரம், வாரம் இரண்டு மணி நேரம் தமிழில் சொல்லிக்கொடுத்தால் போதும்.

முதல் நாள் கணினியைத் தொடவே வேண்டாம். டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரி, யார் பெயரில் என்பதைத்தான் பேச வேண்டும். செய்துகொடுப்பவர் தன் மின்னஞ்சலைக் கொடுத்துப் பதிந்துவிட்டால், புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல் அவருக்கே போகும். அவர் ஊரைவிட்டுப் போய்விட்டால், கெடு முடிந்து சில மாதங்களில் கடைப் பலகையில் எழுதிய முகவரியை வேறு யாரும் வாங்கிக்கொள்ளலாம். மின்னஞ்சல், கைபேசி எண், கடவுச்சொல் மூன்றும் கடைக்காரருடையதாகவே இருக்கட்டும்.

அடுத்த தொல்லை எழுத்துரு. டிடிபி கடையில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த விலைப்பட்டியலை அப்படியே ஒட்டினால் 'மதுரை' என்ற சொல் கே, ஜே, ஐ, யூ என்று ஆங்கில எழுத்துகளாக நிற்கும். எல்லாக் கருவிகளிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றியே ஒட்ட வேண்டும். புதிதாக எழுதுவதைக் கைபேசியில் பேசியே தட்டச்சிடலாம். இதற்குப் பயந்து ஃபிளெக்ஸ் டிசைனையே படமாக ஏற்றிவிடுகிறவர்கள் நம் ஊரில் அதிகம் (ஃபிளெக்ஸ் மோகம் இணையத்தையும் விடவில்லை!). படத்துக்குள் இருக்கும் விலையைத் தேடுபொறி சரியாகப் படிக்கும் என்று நம்ப முடியாது. தொலைபேசி எண்ணைத் தொட்டால் அழைப்பும் போகாது.

கைபேசியில் எடுத்த படம் 3, 4 எம்பி இருக்கும். இருபது படம் ஏற்றினால், சிக்னல் குறைந்த கிராமத்தில் பக்கம் திறப்பதற்குள் வாடிக்கையாளர் போய்விடுவார். அகலம் 1200 பிக்சல், எடை 200 கேபிக்குள் வைத்தால் போதும். வாட்ஸாப்பில் தனக்கே ஒருமுறை சாதாரணத் தரத்தில் அனுப்பி எடுத்தாலும் படம் இளைத்துவிடும்.

தொடங்குகிறவர்களுக்கு, தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸைவிட, அதே வேலைக்குக் கூகுள் இலவசமாகத் தரும் கூகுள் சைட்ஸே மேல். வேர்ட்பிரஸைச் சொந்த சர்வரில் போட்டுவிட்டு அதையும் அதன் செருகுநிரல்களையும் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணை நிரல்கள்) புதுப்பிக்காமல் விட்டால், வேண்டாதவர்கள் உள்ளே புகுந்துவிடுவார்கள். சைட்ஸில் அந்தக் கவலை இல்லை. ஆனால் திருத்தியபின் 'வெளியிடு' பொத்தானை அழுத்த மறந்தால் பழைய விலையே ஊருக்குத் தெரியும். பக்கத்து இருக்கைக்காரரின் கைபேசியில் திறந்து பார்த்துவிடுவது நல்லது.

வகுப்புக்கு வருகிறவர்கள் பத்துப் படமும், விலைப்பட்டியலும், கடை திறக்கும் நேரமும் கையோடு கொண்டுவரட்டும்.

இப்படிக்கு,
இணையப் பயிற்றுநர்கள் சிலர்,
மதுரை.