நீ "டெட்ராய்ட் பக்கம்" என்று சொன்ன ஊர்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம். போன வாரம் நீ வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து உன் நண்பர் "உனக்கு எந்த ஊர்?" என்று கேட்டார். "டெட்ராய்ட் பக்கம்" என்றாய். பக்கம் என்றால் எங்கே என்று அவர் விடாமல் கேட்டதும், "சும்மா ஒரு சபர்ப், அங்கே ஒன்றும் இல்லை" என்று முடித்துவிட்டாய். எனக்கு மனசு கேட்கவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

1998-ல் இங்கே, மிச்சிகனின் கேன்டனுக்கு வந்து இறங்கியபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு ஊர் என்றால் நடுவில் கோயிலோ கடைத்தெருவோ இருக்கவேண்டும் இல்லையா? கேன்டனில் எது நடு என்றே தெரியவில்லை. நேர்நேராக ரோடுகள், அவற்றுக்கு நடுவே ஒரே மாதிரி வீடுகள். இந்த மண்ணைப் பற்றி முதலில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது நம் பேஸ்மென்ட்தான். நீ மூன்றாம் வகுப்பில் இருந்தபோது ஒரு ஏப்ரல் மாதம், பேஸ்மென்ட்டில் ஊறும் தண்ணீரை வெளியேற்றும் சம்ப் பம்ப் நின்றுபோய், உன் லெகோ பெட்டியெல்லாம் மிதந்ததே, ஞாபகம் இருக்கிறதா? சரிபார்க்க வந்த பெரியவர், "இது ஏரியின் அடிமண் அம்மா, தண்ணீர் லேசில் இறங்காது" என்றார். ஏரியா, எந்த ஏரி என்று கேட்டேன். அன்றைக்குத் தொடங்கியது இந்தத் தேடல்.

பனியுகத்தின் கடைசியில், பனிப்பாளம் உருகிப் பின்வாங்கியபோது, இன்றைய ஈரி ஏரிக்கு முன்னோடியாகப் பெரிய ஏரிகள் இருந்தன. அவற்றின் தண்ணீர் நம் வீடு வரைக்கும் நின்றிருக்கிறது. அந்தப் பழைய கரைதான் நீ சைக்கிளில் மேற்கே போகும்போது லேசாக மேடு ஏறுமே, அந்த ரிட்ஜ் ரோடு. அலை ஒதுக்கிய மணலும் சரளைக்கல்லும் சேர்ந்த மேடு அது. அதற்குக் கிழக்கே ஏரிப்படுகை, தட்டையான களிமண். உனக்கு மூச்சு வாங்கிய இடத்தில் ஒரு காலத்தில் அலை அடித்தது என்று நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது.

இந்த நிலம் பொட்டவாட்டமி, ஒடாவா, ஒஜிப்வே, வயாண்டாட் என்ற பூர்வகுடி மக்களுடையது. 1807-ல் டெட்ராய்ட்டில் போட்ட ஒப்பந்தத்தில் மிச்சிகனின் தென்கிழக்கு முழுவதையும் அமெரிக்க அரசாங்கத்தார் அவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். வாங்கினார்கள் என்று எழுதவே கை கூசுகிறது. ஆனால் அந்த மக்கள் நடந்த பாதை இன்னும் இருக்கிறது. நாம் காய்கறி வாங்கப் போகும் மிச்சிகன் அவென்யூ இருக்கிறதே, எல்லா ரோடும் நேராக ஓட, அது மட்டும் ஏன் சாய்ந்து போகிறது என்று நீ சின்ன வயதில் கேட்டாய். அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அது சாக் என்ற பூர்வகுடியின் பெயரில் வழங்கும் சாக் பாதை. நிலத்தைச் சதுரம் சதுரமாகக் கட்டம் போடுவதற்கு முன்பே மனிதர்கள் நடந்து நடந்து உண்டான வழி.

கட்டம் 1785-ம் ஆண்டு நிலச் சட்டத்தில் வந்தது. ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப்; அதற்குள் ஒரு சதுர மைல் வீதம் 36 துண்டுகள். 66 அடிச் சங்கிலியை இழுத்துக்கொண்டு, சதுப்பிலும் காட்டிலும் நடந்தே அளந்தார்கள். மிச்சிகனில் இந்த அளவைக்கு அடிக்கோடு, "எட்டு மைல் ரோடு" என்ற சாலை. அங்கிருந்து ஆறு மைல் தெற்கே ஜாய் ரோடு, நம் வடக்கு எல்லை. இன்னும் ஆறு மைல் போனால் வேன் பார்ன், தெற்கு எல்லை. வாரன், ஃபோர்டு, செர்ரி ஹில், பால்மர் எல்லாம் நடுவில் மைலுக்கு ஒன்றாக வரும். 36 துண்டுகளில் 16-வது துண்டைப் பள்ளிக்கூடத்துக்கென்று சட்டமே ஒதுக்கி வைத்தது. ஒரு வீடுகூட எழும்பாத காட்டில், பிறக்காத பிள்ளைகளின் படிப்புக்கு நிலம் எடுத்து வைத்திருக்கிறார்கள்! நம்முடைய ஊரில் அந்தத் துண்டு ஃபோர்டு ரோட்டுக்கும் செர்ரி ஹில்லுக்கும் இடைப்பட்ட வரிசையில் விழுகிறது.

1825-ல் ஈரி கால்வாய் திறந்ததும் நியூயார்க் பக்கத்து விவசாயிகள் படகேறி வந்தார்கள். நீ தினமும் பள்ளிக்குப் போன ஷெல்டன் ரோடு, அந்தக் காலத்தில் வழிப்போக்கர்களுக்குச் சத்திரம் நடத்திய ஷெல்டனின் பெயர்தான். 1834-ல் பக்கத்து பிளிமத் டவுன்ஷிப்பிலிருந்து பிரித்து, சீனத்து கேன்டனின் பெயரை நமக்கு வைத்தார்கள். பக்கத்தில் நான்கின், பெக்கின் என்று சீனப் பெயர்களிலேயே வேறு டவுன்ஷிப்களும் இருந்தன. நான்கினில் மிச்சமிருந்த பகுதி 1966-ல் நகரமாகி, அங்கே கட்டிய ஷாப்பிங் மாலின் பெயரையே சூட்டிக்கொண்டு வெஸ்ட்லேண்ட் ஆகிவிட்டது. நாம் மட்டும் பெயரையும் விடவில்லை, டவுன்ஷிப் என்பதையும் விடவில்லை. மேயர் கிடையாது, சூப்பர்வைசர்தான்.

நூறு வருஷத்துக்கு மேல் சோளமும் பால்மாடும்தான். 1970-ல் சுமார் 11,000 பேர். அப்புறம் 275 நெடுஞ்சாலை வந்தது; 1980-ல் 48,000-ஐத் தாண்டியது. 2020 கணக்கில் 98,659. அந்தக் கணக்கில் அப்பாவும் நானும் இருக்கிறோம். படிவத்தை நான்தான் நிரப்பினேன்.

உன் அக்காவின் அரங்கேற்றம் நடந்த செர்ரி ஹில் அரங்கத்தை நினைத்துப் பார். அந்தப் பக்கத்திலேயே 1940-களில் ஹென்றி ஃபோர்டு ஒரு சிறு தொழிற்சாலை வைத்து, போரில் காயப்பட்டவர்களுக்கு வேலை கொடுத்தார். அதற்குப் பக்கத்தில்தான் உன் அக்கா சலங்கை கட்டி ஆடினாள். இதை "ஒன்றும் இல்லை" என்று சொல்ல எப்படி மனசு வரும்?

அடுத்த முறை யாராவது கேட்டால் கேன்டன் என்று சொல்லு. ஏப்ரலில் லீவு கிடைத்தால் வா. ரிட்ஜ் ரோடு மேட்டிலிருந்து கிழக்கே இறங்கும் இடத்தை உனக்குக் காட்டவேண்டும். உன் சைக்கிளுக்கு அப்பா புது டியூப் போட்டு வைத்திருக்கிறார்.

அன்புடன்,
அம்மா