காதுக் கருவியை மிருகத்தின் முத்திரை என்று சொல்லிப் பயமுறுத்தாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் தெருவில் ஒரு பிள்ளைக்கு இரண்டரை வயது. பிறவியிலேயே காது கேட்கவில்லை. காக்ளியர் இம்ப்ளான்ட் என்ற காதுக் கருவியை ஆபரேஷன் செய்து வைத்தால் கேட்கும், பயிற்சி கொடுத்தால் பேச்சும் வரும், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலேயே செய்துகொள்ளலாம் என்று டாக்டர் சொல்லி நான்கு மாதம் ஆகிறது. அந்த அம்மா இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போன வாரம் காரணம் கேட்டேன். வேதாகமத்துக்குள் மடித்து வைத்திருந்த ஒரு நோட்டீசை எடுத்துக் காட்டினாள். ஏதோ ஒரு எழுப்புதல் கூட்டத்தில் கொடுத்ததாம். தலைக்குள் வைக்கிற எந்தச் சிப்பும், வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் 13-ல் தேவனுக்கு விரோதியாகச் சொன்ன மிருகத்தின் முத்திரை, அதை வாங்கினவர்களுக்கு மீட்பு கிடையாது என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். "பிள்ளைக்குக் காது கிடைச்சு, பரலோகம் கிடைக்காமப் போயிட்டா என்ன டீச்சர் செய்றது?" என்று கேட்டாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் 32 வருடம் அறிவியல் பாடம் எடுத்தவள். ஞாயிறு பள்ளியில் இன்றும் சொல்லிக்கொடுக்கிறேன். தீர்க்கதரிசனத்தை முழுமனதாய் நம்புகிறேன். நம்புவதால்தான் அந்த அதிகாரத்தை முழுதாக வாசியுங்கள் என்கிறேன். முத்திரைக்கு முன்னால் வணக்கம் வருகிறது. மிருகத்தின் சொரூபத்தை வணங்காதவர்கள் கொல்லப்படுவார்கள் என்பது 15-ஆம் வசனம். வலது கையிலோ நெற்றியிலோ முத்திரை போடுவது அதற்கு அடுத்த வசனத்தில்தான். பத்மு தீவில் இருந்த யோவான் இதை எழுதி அனுப்பிய எபேசு, சிமிர்னா, பெர்கமு ஊர்களில் ரோமச் சக்கரவர்த்தியைத் தெய்வமாகக் கும்பிடக் கோயில்கள் இருந்தன. 14-ஆம் அதிகாரத்தைத் திருப்பினால், ஆட்டுக்குட்டியானவரான இயேசுவோடு நிற்கிறவர்களின் நெற்றியிலும் பிதாவின் நாமம் எழுதியிருக்கிறது. அதை யாரும் ஊசி போட்டு ஏற்றியதாக நாம் நினைப்பதில்லையே! கையிலும் கண்களுக்கு நடுவிலும் கட்டிக்கொள் என்று உபாகமம் 6-ல் கட்டளையைச் சொன்னதும் இதே இடங்களைத்தான். நீ யாருக்குச் சொந்தம், யாரை வணங்குகிறாய் என்பதே அங்கே கேள்வி. இரண்டரை வயதுப் பிள்ளையின் காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் வைக்கிற கருவி அதற்கு என்ன பதில் சொல்லும்?

பார்கோடு வந்தபோது அதுதான் அந்த மிருகத்தின் இலக்கமான 666 என்றார்கள். அப்புறம் ஆதார், அப்புறம் கொரோனா தடுப்பூசி. எங்கள் சபையில் ஒரு பெரியவர் அந்தப் பயத்தில் ஊசி போடாமல் இருந்து 2021 மே மாதம் தவறிப்போனார். சொன்னவர்கள் யாரும் அவர் வீட்டுக்கு வந்து வருத்தம் சொல்லவில்லை.

என் இரண்டு கண்ணிலும் செயற்கை லென்ஸ் இருக்கிறது. 1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் மருத்துவமனையில் வைத்தது. அந்த லென்சை 1992 முதல் மதுரையிலேயே அரவிந்தின் தயாரிப்பு நிறுவனமான ஆரோலேப் தயாரிக்கிறது. அதற்கு முன்பு கண்புரை எடுத்த ஏழைகள் சோடாபுட்டிக் கண்ணாடியோடு திரிந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த லென்ஸ் வழியாகத்தான் தினமும் வேதம் வாசிக்கிறேன். மாற்கு 7-ல் செவிடனின் காதில் விரலை வைத்து "எப்பத்தா", அதாவது திறக்கப்படுவாயாக, என்று சொன்ன ஆண்டவர், ஒரு பிள்ளை கேட்பதைப் பார்த்துக் கோபப்படுவார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

எனக்கும் பயம் உண்டு, அது வேறு இடத்தில். 2018-ல் சீனாவில் ஹே ஜியான்குய் என்ற விஞ்ஞானி கருவிலேயே மரபணுவைத் திருத்தி இரட்டைப் பெண் குழந்தைகளைப் பிறக்கவைத்தார். அவருக்கு மூன்று வருடம் சிறைத்தண்டனை கிடைத்தது. அந்தப் பிள்ளைகளின் சந்ததிக்கும் அந்தத் திருத்தம் போகலாம். அவர்களை யார் கேட்டார்கள்? 2024 ஜனவரியில் நியூராலிங்க் நிறுவனம் முதல் மனிதரின் மூளையில் சிப் பொருத்தியது. கைகால் செயலிழந்த அவர் நினைத்தாலே கணினித் திரையில் அம்புக்குறி நகர்கிறது. அதுவரைக்கும் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்பேன். ஆனால் மனிதனைச் செயற்கை நுண்ணறிவோடு இணைப்பதே தூரத்து இலக்கு என்று எலான் மஸ்க் வெளிப்படையாகச் சொல்கிறார். நீட் கோச்சிங்குக்கே நகையை அடகு வைக்கிற ஊர் இது. நாளைக்கு ஞாபகசக்திக்கு ஒரு சிப் கடையில் வந்து, அது இல்லாத பிள்ளைக்குச் சீட்டும் இல்லை வேலையும் இல்லை என்று ஆனால்? முத்திரை இல்லாதவன் "கொள்ளவும் விற்கவுங்கூடாதபடிக்கும்" என்று அதே 13-ஆம் அதிகாரத்தில் வருகிற வார்த்தை அப்போதுதான் என் நெஞ்சில் தைக்கிறது. "தேவர்களைப்போல் இருப்பீர்கள்" என்று ஏதேன் தோட்டத்தில் சர்ப்பம் ஏவாளுக்குக் காட்டிய அந்தப் பழைய ஆசையைப் பற்றிப் பிரசங்கம் பண்ணட்டும், முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன்.

போதகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இப்படி நோட்டீஸ் அடிப்பதற்கு முன்னால், காது கேட்காத ஒரு பிள்ளையின் வீட்டில் அரை மணி நேரம் இருந்துவிட்டு வாருங்கள். பேச்சு படிய வேண்டிய வயது சிறு வயதுதான். பிந்தினால் பலன் குறைந்துவிடும்.

நேற்று அந்த அம்மாவோடு 13, 14 இரண்டு அதிகாரத்தையும் உட்கார்ந்து வாசித்தேன். ஜெபம் பண்ணினோம். செவ்வாய்க்கிழமை மருத்துவமனைக்குத் துணைக்கு வரச் சொல்லியிருக்கிறாள், போகிறேன். அவளை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது, அதனால் என் பெயரைப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
பசுமலை, மதுரை.