அழித்தது யார் என்று தெரியட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் விக்கிப்பீடியாவைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அது ஒருதலைப்பட்சமாக எழுதுகிறது என்று கட்டுரையாளர் அடுக்கியதில் பாதியை நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் கடைசியில், போர் நடக்கிற நாட்களிலாவது அரசு அதில் கைவைத்துச் சரிசெய்ய வேண்டும் என்று முடித்தாரே, அங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நான் இருப்பது வண்டிப்பெரியாறு. முல்லைப் பெரியாறு அணைக்குக் கீழே, ஆற்றங்கரையில். எஸ்டேட் லயத்தில் பிறந்து, தேயிலை ஃபாக்டரியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். மச்சான் தமிழ்நாட்டுப் பக்கம், தேனி மாவட்டக் கம்பத்தில் விவசாயம் பார்க்கிறார், அந்த அணைத் தண்ணீர் வந்தால்தான் அவருக்கு இரண்டாம் போகம். ஆக, அணையில் தண்ணீர் மட்டம் ஏறினால் எனக்குத் தூக்கம் போகும், இறங்கினால் அவருக்குப் போகும். 2011 டிசம்பரில் அணைத் தகராறில் எல்லையில் குமுளியில் வண்டி எல்லாம் நின்றுபோனபோது காலையில் மலையாளப் பத்திரிகை, மதியம் தமிழ்ப் பத்திரிகை என்று இரண்டையும் படித்துக்கொண்டிருந்தேன். ஒன்றில் அணை இன்றோ நாளையோ உடைந்து லட்சக்கணக்கானவர்கள் போய்விடுவார்கள், மற்றொன்றில் அணைக்கு ஒரு கீறல் கூட இல்லை. பெயரே ஒன்றில்லையே, அவர்களுக்கு முல்லப்பெரியார், நமக்கு முல்லைப் பெரியாறு. பிறகு உச்ச நீதிமன்றம் அமைத்த ஆனந்த் குழு அணை பாதுகாப்பாக இருக்கிறது என்று சொன்னது, 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்றது. இத்தனைக்குப் பிறகும் மச்சானும் நானும் போனில் இதைப் பேச ஆரம்பித்தால் என் சம்சாரம் போனைப் பிடுங்கிக்கொள்வாள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எழுதுகிறவன் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறான் என்பது எல்லையில் இருக்கிற எங்களுக்குப் புதுசில்லை. சாய்வு இருக்கட்டும், அது சாய்வு என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு கட்டுரைக்கும் மேலே 'உரையாடல்' என்றும் 'வரலாறு' என்றும் இருக்கும், பெரும்பாலோர் அதைத் தொடுவதே இல்லை. யார் எந்தத் தேதியில் எந்த வரியைச் சேர்த்தார், யார் அழித்தார், ஏன் சண்டை போட்டார்கள் என்பதெல்லாம் அங்கே கிடக்கும். என் பேரன் காட்டித்தான் எனக்கே தெரியும்.

சாய்வு முற்றிப்போன இடமும் உண்டு, மறைக்கவில்லை. குரோவேஷிய மொழி விக்கிப்பீடியாவை ஏறக்குறைய பத்து வருஷம் ஒரு தீவிர வலதுசாரிக் கூட்டம் கையில் வைத்திருந்தது. இரண்டாம் உலகப் போரில் யாசெனோவாட்ஸ் வதைமுகாமில் நடந்த கொலைகளையே குறைத்துக் காட்டினார்கள். அதற்கு அரசா வந்து மருந்து போட்டது? அழித்ததும் மாற்றியதும் எல்லாம் வரலாற்றுப் பக்கத்தில் இருந்ததால் மற்ற பயனர்கள் பிடித்தார்கள், முக்கியமான நிர்வாகி 2020இல் வெளியேற்றப்பட்டார், 2021இல் விக்கிப்பீடியாவை நடத்துகிற விக்கிமீடியா அறக்கட்டளையே அதைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. பத்து வருஷம் ரொம்ப அதிகம்தான். இஸ்ரேல், பாலஸ்தீனம் பற்றிய ஆங்கிலக் கட்டுரைகளிலும் இதே அடிதடிதான். 2025 ஜனவரியில் இரண்டு பக்கத்து ஆசிரியர்களிலும் சிலரை அந்தத் தலைப்பில் எழுதவே கூடாது என்று விக்கிப்பீடியாவின் நடுவர் குழு தடுத்தது. அந்தத் தீர்ப்பும் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி கிடக்கிறது.

சரி, அரசு கைவைத்தால் என்ன ஆகும்? ரஷ்யாவைப் பாருங்கள். உக்ரைனுக்குள் படை போய் ஒரு வாரம் கூட ஆகவில்லை, 2022 மார்ச் முதல் தேதியே ரஷ்யாவின் தகவல் கண்காணிப்பு அமைப்பான ரோஸ்கோம்நட்சோர் ரஷ்ய மொழிக் கட்டுரையைக் குறிவைத்துவிட்டது. எத்தனை ரஷ்ய வீரர்கள் செத்தார்கள், எத்தனை உக்ரைன் பொதுமக்கள் செத்தார்கள் என்று எழுதியிருந்ததுதான் குற்றம். ஏப்ரலில் மாஸ்கோ நீதிமன்றம் 50 லட்சம் ரூபிள் அபராதம் போட்டது. கட்டுரை அழியவில்லை. அதற்குப் பிறகு செய்ததுதான் வேடிக்கை, அந்தக் கட்டுரைகளையே படியெடுத்து, போரைப் பற்றிய பகுதிகளை அரசுக்கு ஏற்றபடி திருத்தி, 'ருவிக்கி' என்று தனியாக ஒன்று 2024 ஜனவரியில் முழுதாக வந்துவிட்டது. துருக்கி அவ்வளவு மெனக்கெடவில்லை, சிரியா போரில் அந்த நாட்டின் பங்கைப் பற்றிய கட்டுரைகளுக்காக 2017 ஏப்ரலில் விக்கிப்பீடியாவை மொத்தமாக முடக்கியது, அரசியல் சாசன நீதிமன்றம் அது தவறு என்று சொல்லி 2020 ஜனவரியில்தான் திறந்தது. சர்வாதிகாரிகள் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம், 2025 ஆகஸ்டில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்றே விக்கிமீடியாவுக்குக் கடிதம் எழுதி, நடவடிக்கைக்கு உள்ளான ஆசிரியர்கள் யார் யார் என்ற விவரத்தைக் கேட்டது. புனைபெயரில் எழுதுகிறவனின் வீட்டு வாசலைத் தேடுகிற வேலை.

காகிதக் காலத்திலும் இது இருந்தது. ஸ்டாலினின் வலதுகையாக இருந்த பெரியா 1953இல் வீழ்ந்ததும், சோவியத் கலைக்களஞ்சியம் வாங்கியிருந்தவர்களுக்குத் தபாலில் சில தாள்கள் வந்தன. பெரியாவைப் பற்றிய பக்கங்களைக் கத்தரித்து எடுத்துவிட்டு இதை ஒட்டுங்கள் என்று. புதுத் தாள்களில் பெரிங் கடலைப் பற்றி விரிவாக எழுதியிருந்தார்கள், எழுத்து வரிசையில் பக்கத்தில் வருகிறதல்லவா! ஒட்டிய பிறகு அங்கே ஒரு மனிதன் இருந்தான் என்பதற்கே தடயம் இல்லை. கட்டுரையாளர் கேட்கிற கண்காணிப்பு இந்த வகைதான்.

நம் நாட்டுக்கு வருவோம். 2025 மே மாதம் பாகிஸ்தானோடு சண்டை நடந்த அந்த நான்கு நாளும் டீக்கடை டிவியில் கராச்சித் துறைமுகத்தையே தீர்த்துக்கட்டினார்கள். அப்படி எதுவுமே நடக்கவில்லை. அதே நேரத்தில் பேரன் ஆங்கில விக்கிப்பீடியாவைத் திறந்து காட்டினான். எண்கள் காலைக்கும் மாலைக்கும் மாறிக்கொண்டே இருந்தன, ஆனால் இது இந்தியா சொல்வது, இது பாகிஸ்தான் சொல்வது என்று பிரித்துப் போட்டிருந்தார்கள். டிவியில் அந்த அளவு கூட இல்லை. எக்ஸ் தளத்தில் எட்டாயிரத்துக்கு மேற்பட்ட கணக்குகளை முடக்கச் சொல்லி அரசு உத்தரவு போனதும் அந்த நாட்களில்தான். பல கணக்குகளில் எந்தப் பதிவு சட்டத்தை மீறியது என்று கூடச் சொல்லவில்லை என்று அந்த நிறுவனமே அறிவித்தது. மே 9ஆம் தேதி 'த வயர்' இணையதளம் முடங்கியது. அதே மே 9இல், ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் விக்கிமீடியா மீது தொடுத்த வழக்கைப் பற்றிய விக்கிப்பீடியா பக்கத்தை எடுக்கச் சொன்ன டெல்லி உயர் நீதிமன்ற உத்தரவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அது தனியார் வழக்கு, அரசு போட்டதில்லை, தெரியும். ஆனாலும் அங்கே உத்தரவு போட்டவர் யார், காரணம் என்ன என்பது தாளில் இருந்தது, அதனால் மேலே போய் முறையிட முடிந்தது. காரணம் சொல்லாமல் முடக்கப்பட்டவன் எதைக் காட்டி முறையிடுவான்?

கட்டுரையாளர் தொடாத ஒன்று தமிழ் விக்கிப்பீடியா. ஒன்றரை லட்சம் கட்டுரைக்கு மேல் இருக்கிறது, தொடர்ந்து எழுதுகிறவர்களோ கொஞ்சம் பேர். இலங்கைப் போர் மாதிரி ஒரு தலைப்பில் நாலு பேர் ஒரே மனநிலையில் உட்கார்ந்தால் கட்டுரை அந்தப் பக்கமே சாயும், எதிர்த்து மேற்கோள் கேட்க ஆள் வேண்டும். நம் ஊரில் தமிழ் மீடியம் படித்து மலையாளமும் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறார்கள், அணைக் கட்டுரையின் உரையாடல் பக்கத்திலாவது அவர்கள் போய் உட்காரலாம். பேரனை ஏற்கெனவே ஏவிவிட்டேன்.

கடைசியாக உங்களிடமே ஒரு குறை. அந்தக் கட்டுரையோடு போரில் இறந்தவர்கள் கணக்கு என்று ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள். கீழே 'விக்கிப்பீடியா' என்று மட்டும் இருந்தது. என்றைக்குப் பார்த்த எண், அது யார் சொன்ன எண் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாமே? இந்தக் கடிதத்தின் நகலைக் கம்பத்து மச்சானுக்கும் அனுப்பியிருக்கிறேன். அணையைப் பற்றி நான் எழுதியதற்கு அவர் மறுப்பு அனுப்புவார், தயவுசெய்து அதையும் வெட்டாமல் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகன்,
வண்டிப்பெரியாறு, இடுக்கி மாவட்டம்