விமானம் இறங்கிய பிறகு

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தி படித்து மனசு நிறைந்துவிட்டது. முட்டி வலி குறைந்ததில் இன்னும் சந்தோஷம்.

என் பயணம் எப்படி என்று கேட்டிருந்தாய். பறந்த வரைக்கும் ஒரு குறையும் இல்லை, இறங்கிய பிறகுதான் பாடு. விமானம் நாற்பது நிமிடம் தாமதம். பெல்ட்டில் யார் யார் பெட்டியோ சுற்றிச் சுற்றி வந்தது, என்னுடையது கடைசியில் வந்தது. இழுத்துக்கொண்டு பிளாட்பாரத்துக்கு ஓடினால், ரயிலின் பின்பக்கச் சிவப்பு விளக்குதான் தெரிந்தது. தனித்தனி டிக்கெட் அல்லவா? விமானக்காரர்கள் ரயிலுக்குப் பொறுப்பில்லை என்றார்கள். ரயில்காரர்கள், வண்டி நேரத்துக்குத்தானே கிளம்பியது என்றார்கள். அவரவர் சொன்னது சரிதான். அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

விமான நிலையத்துக்கு அடியில் ரயில் வந்தால் போதும் என்று நீ சொல்வாயே, ஞாபகம் இருக்கிறதா? சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் 1980இலேயே வந்துவிட்டது. ஆனால் தண்டவாளம் வந்தால் மட்டும் போதாது. ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டைப் பார். 1999இல் விமான நிலையத்தில் தொலைதூர ரயில்களுக்கென்றே நிலையம் திறந்தார்கள். 2001இல் லுஃப்தான்சா விமான நிறுவனமும் ஜெர்மன் ரயில்வேயும் சேர்ந்து ஒரே டிக்கெட் கொடுக்க ஆரம்பித்தன. ரயிலுக்கு விமான எண்! அந்நாட்டின் இன்னொரு நகரமான கொலோனின் ரயில் நிலையத்துக்கு விமான நிலையங்களுக்கு இருப்பது போலவே க்யூ.கே.எல். என்று ஒரு குறியீடு! விமானம் தாமதமாகி ரயிலைத் தவறவிட்டால், அடுத்த ரயிலில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. 2002இல் அதிவேகப் பாதை வந்து கொலோன் ஒரு மணி நேரத் தூரமானது. அப்புறம் லுஃப்தான்சா அந்தத் தடத்தில் விமானத்தையே நிறுத்திவிட்டது.

பெட்டி விஷயம்தான் சிக்கல். ஹாங்காங்கில் 1998இல் விமான நிலைய ரயில் ஓடத் தொடங்கியபோதே, நகரத்து நிலையத்தில் பெட்டியை ஒப்படைத்துவிட்டுக் கைவீசிப் போகும் வசதி வந்தது. திரும்பும்போது அது சுலபமில்லை, நடுவில் சுங்கச் சோதனை நிற்கிறது.

பேருந்தை யாரும் கண்டுகொள்வதில்லை என்பதுதான் என் பெரிய வருத்தம். நள்ளிரவில் விமானம் இறங்கும், கடைசிப் பேருந்து பதினொன்றுக்கே போயிருக்கும். நாம் எப்போதோ ஒருமுறை போகிறவர்கள். விடியற்காலை நான்கு மணி ஷிஃப்டுக்கு வரும் துப்புரவுப் பெண்களையும் சுமை ஏற்றுகிறவர்களையும் நினைத்துப் பார். தினமும் அவர்கள் எப்படித்தான் வந்து சேர்கிறார்கள்?

சரி, அடுத்த மாதம் உன்னைப் பார்க்க வருகிறேன். விமானம் இரவு பத்தரைக்கு இறங்குகிறது. அங்கிருந்து கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று விசாரித்து எழுது. அதைப் பார்த்துத்தான் டிக்கெட் எடுக்கப்போகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்